சைக்கிள் துணி துவைத்தும் நாறினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறதாம். கையில் இருப்பது இரண்டு ஜெர்சி, ஒரு பிப் ஷார்ட்ஸ், அதாவது தோள் வார் வைத்து உடம்போடு ஒட்டி நிற்கிற சைக்கிள் கால்சட்டை. அம்மா வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்துப் போடுகிறார். கொடியிலிருந்து எடுக்கும்போது வாடை தெரிவதில்லை. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மிதித்தால் பழைய நாற்றம் அப்படியே எழும்பி வருகிறது. ஷார்ட்ஸில் உட்காருகிற இடத்தில் வைத்துத் தைத்த மெத்தை, அந்த பேட், அட்டை மாதிரி விறைத்துப்போய்த் தொடையை அறுக்கிறது. சோப்பை மாற்றுவதா, துணியையே மாற்றுவதா என்பது அவர் கேள்வி.

தம்பி, இரண்டுக்கும் முன்னால் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாருங்கள். நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். பதினோரு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். பிறந்தது குடியாத்தத்தில், லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிற வீட்டில். அப்பா சாயப்பொடியைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் சரியில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த சாயமானாலும் நூலில் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். துவைப்பதும் அப்படித்தான்.

"ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை" என்று நம் வேலூரைப் பற்றிச் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்கிறோம். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பு வேகாது, முடி பிசுபிசுக்கும், ஹீட்டர் காயில் மேல் வெள்ளையாக ஓடு கட்டும். இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர விதி அதற்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. உங்கள் வீட்டு நிலவரம் தெரிய லேப் எல்லாம் வேண்டாம். ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீர் ஊற்றி, குளிக்கிற சோப்பைச் சீவிக் கடலை அளவுக்குப் போட்டுக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் குடிக்கிற தண்ணீரை ஊற்றி அதே மாதிரி செய்யுங்கள். நுரை கட்டி நின்றால் நல்ல தண்ணீர். நுரை எழாமல் பால் கலந்த மாதிரி வெளுத்து, மேலே திரி திரியாக மிதந்தால் கடினத் தண்ணீர், நாம் உப்புத் தண்ணீர் என்கிறோமே அது.

அந்தத் திரிதான் உங்கள் பேட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத கசடாக மாறிவிடும். லுங்கியையும் துண்டையும் கல்லில் அடித்துத் துவைக்கிறோம், கசடு வெளியே தெறித்துவிடுகிறது. பேட் என்பது துணிக்கு நடுவே அடைத்த ஸ்பாஞ்சு. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. ஒவ்வொரு துவையலிலும் ஒரு பூச்சு ஏறி, காய்ந்ததும் விறைக்கிறது. உடம்பு எண்ணெயும் வியர்வையும் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்ள, கிருமிகள் அங்கேயே குடியிருக்கின்றன. காய்ந்திருக்கும்போது அவை தூங்கும். உடம்புச் சூடும் ஈரமும் பட்டதும் எழுந்துகொள்ளும். நீங்கள் சொன்ன அந்தப் பத்து நிமிடக் கணக்கு இதுதான்.

ஜெர்சியின் கதை கொஞ்சம் வேறு. அது பாலியெஸ்டர். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் தண்ணீரை உள்ளே விடாது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை ஒரு மணி நேரம் ஜிம் சைக்கிள் ஓட்டவைத்து, அவர்கள் போட்டிருந்த பனியன்களைப் பையில் கட்டி 28 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2014-ல் வெளியானது. பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியெஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 28 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி, ஈரத் துணியை பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக் கார் டிக்கியில் போட்டு, திங்கட்கிழமை அம்மா துவைக்கும் வரை அப்படியே விடுகிறோம் பாருங்கள், அந்த ஆய்வில் செய்ததை நாமும் வீட்டில் செய்கிறோம்.

அதனால் என் முதல் வேலை, வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் குளிக்கப் போகிறேன் அல்லவா, அப்போதே துணியையும் ஒரு பக்கெட் வெறும் தண்ணீரில் முக்கிவிடுவது. சோப்பு வேண்டாம். வியர்வை உப்பு தண்ணீரில் கரைகிற உப்புதான். ஈரம் காய்வதற்குள் முக்கினால் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். முதுகில் வெள்ளைக் கோடு பூத்துவிட்டால் பாதி வேலையை நாமே கூட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். உடனே துவைக்க நேரமில்லையா, சரி, அலசிக் கொடியில் விரித்துவிட்டு ஆபீஸ் போங்கள், சாயங்காலம் துவைத்துக்கொள்ளலாம். ஈரமாக அழுக்குக் கூடைக்குள் மட்டும் போகக் கூடாது. வெளியூர் போய் ஓட்டினால் கவருக்குப் பதில் வலைப்பையோ பழைய துண்டோ எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, இந்த இரண்டு மூன்று துணியை நீங்களே துவைத்துவிடுங்கள். அம்மா துவைக்கிற முறை வீட்டுத் துணிக்குச் சரியான முறைதான். சோப்பு தேய்த்து, பிரஷ் போட்டு, கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, நல்ல வெயிலில் காயப்போடுவது. வேட்டிக்கும் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கும் இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் பிப் ஷார்ட்ஸுக்கு இதில் ஒவ்வொன்றும் கெடுதல். அதன் இழுவையைத் தாங்குவது எலாஸ்டேன் நூல், நாம் லைக்ரா என்கிறோமே அது. 1958-ல் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. இழுத்தால் ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டு பழைய அளவுக்கே திரும்பும். அத்தனை இழுவையையும் தாங்கும் நூல், சூட்டையும் குளோரின் பிளீச்சையும் தாங்காது. பிரஷ் போட்டால் மேல் நைலான் பிசிறு கட்டும், முறுக்கினால் பேட் உள்ளே மடிந்து அப்படியே தங்கிவிடும்.

நான் துவைப்பது இப்படி. ஷார்ட்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்வேன். பக்கெட்டில் கால்வாசி தண்ணீர், சாதாரணக் குழாய்ச் சூடு போதும். அதில் லிக்விட் டிடர்ஜென்ட் ஒரு ஸ்பூன், நிஜமாகவே ஒரு டீஸ்பூன், கையால் கலக்கிவிட்ட பிறகுதான் துணியை விடுவேன். பவுடர் வேண்டாம் என்பேன். உப்புத் தண்ணீரில் முழுசாகக் கரையாமல் அதுவும் பேட்டுக்குள்தான் போகும். துணி சோப்புக் கட்டி அதைவிட மோசம், நேராக பேட்டின் மேலேயே தேய்ப்போம். 15 நிமிடம் ஊறினால் போதும். அப்புறம் பேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, இட்லி மாவை அமுக்குகிற மாதிரி மெதுவாக அமுக்கி விடுவது, அமுக்கி விடுவது. தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஓரத் தையலில், கால் பட்டியின் ரப்பரில், விரலால் தேய்த்துவிடுவேன். வெளுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசல். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பேட்டை அமுக்கினால் நுரை வராத வரை அலச வேண்டும். எனக்கு மூன்று தண்ணீர் ஆகிறது. இரண்டு அலசல் போர் தண்ணீரில் செய்தாலும் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். ஒரு ஷார்ட்ஸுக்கும் ஜெர்சிக்கும் சேர்த்து அரை பக்கெட் போதும். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு அலசலில் பேட் எவ்வளவு மிருதுவாகக் காய்கிறது என்று ஒரு வாரம் செய்து பாருங்கள், உங்கள் கைக்கே தெரியும்.

கோடையில் ஒரு எச்சரிக்கை. கத்திரி வெயில் காலத்தில் மதியம் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து வருவது வெந்நீர். கையே வைக்க முடியாத அந்தத் தண்ணீரில் லைக்ராவை ஊறவைக்காதீர்கள். காலையிலேயே ஒரு பக்கெட் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள்.

நாற்றம் போக வேண்டும் என்று கடைசி அலசலில் வாசனை லிக்விட் ஊற்றுகிறோமே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். துணியை மெத்தென்று ஆக்குவது அதில் இருக்கிற கொழுப்புப் பூச்சு. ஜெர்சியின் வேலையே வியர்வையை நூல்களுக்கு நடுவே இழுத்து மேல்பக்கம் கொண்டுவந்து காற்றில் விடுவது. பூச்சு அந்த இடைவெளியை அடைத்தால் ஜெர்சி உடம்போடு ஒட்டி ஈரமாகவே கிடக்கும். சாயம் போகாமலிருக்கப் புது ஜெர்சியைக் கல்லுப்புத் தண்ணீரில் முக்கச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் பட்டறையில் உப்பு போடுவது பருத்தி நூல் சாயத்தைக் குடிக்கிற நேரத்தில். சாயம் ஏறி முடிந்த துணியில் உப்பு எதையும் பிடித்து வைக்காது. ஜெர்சியின் பிரிண்ட்டோ 200 டிகிரி அளவுச் சூட்டில் சாயத்தை ஆவியாக்கி நூலுக்குள் ஏற்றியது. அதற்கு உப்பு தேவையே இல்லை.

பேட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். இதை ஷாமி என்றும் சொல்வார்கள். ஷாமி என்பது ஐரோப்பிய மலைகளில் வாழும், ஆடு மாதிரியான ஒரு மிருகம். அதன் தோலை மீன் எண்ணெயில் பதனிட்டு மெல்லிய தோலாக்கி, கம்பளிக் கால்சட்டைக்குள் வைத்துத் தைத்தார்கள். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் ஷாப்பில் வேலை செய்கிறவரைக் கேளுங்கள், நனைந்த தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்று. முறம் மாதிரி விறைக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அதில் களிம்பு தடவிக் கசக்கி மிருதுவாக்கிப் போட்டுக்கொண்டார்கள். ஷாமி கிரீம் பிறந்தது அப்படி. இப்போது தோல் போய் ஸ்பாஞ்சு வந்துவிட்டது; கிரீம் மட்டும் உரசலைத் தடுக்க மிச்சம் இருக்கிறது. ஆக இந்தக் காலத்து பேட் தானாக விறைக்காது. விறைத்தால் உள்ளே ஏதோ சேர்ந்திருக்கிறது. ஒன்று உப்புத் தண்ணீர்க் கசடு, இன்னொன்று எண்ணெய். கிரீமுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிற பழக்கம் இங்கே நிறைய பேருக்கு இருக்கிறது. தோலுக்குக் கெடுதல் இல்லைதான், ஆனால் எண்ணெய் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிச் சிக்குப் பிடித்துவிடும், வாடையும் வரும். தடவினால் அன்றைக்கே, முக்குவதற்கு முன்னால், பேட்டின் மேல் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இரண்டு சொட்டு விட்டு விரலால் பரப்பி ஐந்து நிமிடம் விடுங்கள்.

செயின் கறைக்கும் அதே பாத்திர லிக்விட்தான். தண்ணீர் படுவதற்கு முன் காய்ந்த துணியிலேயே வைக்க வேண்டும். தண்ணீர் பட்ட பின் வைத்தால் கறை பரவுமே தவிரப் போகாது. மெக்கானிக் கடையில் பெட்ரோல், மண்ணெண்ணெய் போடச் சொல்வார்கள். இரும்புக்கு அது சரி. லைக்ராவுக்கும் ரப்பர் பட்டிக்கும் பிரிண்ட்டுக்கும் கூடாது.

வாஷிங் மெஷினில் போடலாமா என்றால், போடலாம். ஜெர்சியின் ஜிப்பை முழுக்க ஏற்றி, கிளவுஸின் ஒட்டுப் பட்டியை மூடி, எல்லாவற்றையும் வலைப்பையில் போட்டு மென்மையான துணிக்கான சுற்றில் விடுங்கள். ஜீன்ஸ், துண்டு கூட வேண்டாம். துண்டின் பஞ்சு ஜெர்சியில் ஏறினால் எடுக்கவே முடியாது. செமி ஆட்டோமேட்டிக் இருந்தால் இன்னும் வசதி: கையால் துவைத்துவிட்டு ஸ்பின்னரில் ஒரு நிமிடம் மட்டும் சுற்றுங்கள். முறுக்கிப் பிழிவதைவிட அது எவ்வளவோ மேல். டிரையர் வேண்டவே வேண்டாம்.

காயப்போடுவதில் நம் ஊருக்குப் பஞ்சமில்லாத வெயில்தான் பிரச்சினை. மே மாதத்து மொட்டை மாடியில் லைக்ராவை நாள் முழுக்க விட்டால் அதன் ஆயுள் பாதியாகும் என்று நான் பயப்படுவேன். புற ஊதாக் கதிர் எலாஸ்டேனை உடைக்கும், நிறத்தையும் வெளுக்கும். நிழலும் காற்றும் போதும். நம் காற்றில் ஜெர்சி ஒரு மணி நேரத்தில் காயும், பேட் மூன்று நான்கு மணி நேரம் எடுக்கும். ஷார்ட்ஸைத் தோள் வாரில் தொங்கவிடாதீர்கள், தண்ணீர்க் கனத்தில் வார் நீண்டுவிடும். இடுப்பைக் கொடியின் மேல் மடித்துப் போட்டு, பேட் வெளிப்பக்கம் இருக்கும்படி விடுங்கள். பேட்டுக்கு மட்டும் காலை எட்டு மணி வெயில் பத்து நிமிடம் காட்டுவேன், அதில் தப்பில்லை. கொடி இரும்புக் கம்பியாக இருந்தால் துரு படியும். நைலான் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் ஆனாலும் பேட் காயாது, ஈர வாடை ஏறிவிடும். அப்போது ஒரு பெரிய காய்ந்த துண்டை விரித்து அதன் மேல் ஷார்ட்ஸை வைத்து, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, முழங்காலால் அமுக்குங்கள். துண்டு ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு ஃபேனுக்கு நேர் கீழே போட்டால் இரவுக்குள் காய்ந்துவிடும்.

இஸ்திரி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் என் முதல் நல்ல ஜெர்சி ஆபீஸ் சட்டைகளோடு கலந்து இஸ்திரி வண்டிக்குப் போய்விட்டது. காட்டன் சட்டைக்கு வைத்திருந்த கரிப்பெட்டிச் சூடு இடுப்புப் பட்டியின் ரப்பர் மேல் பட்டதும் அது இழுபட்டுப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் பதறிப்போய்ச் சாம்பலும் துணியும் போட்டுத் தேய்த்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. தவறு அவருடையது இல்லை, என் துணியை நான் பிரித்து வைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து சைக்கிள் துணிக்குத் தனியாக ஒரு மஞ்சள் பை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பையை யாரும் தொட மாட்டார்கள்.

கிளவுஸைக் கையில் மாட்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கை கழுவுகிற மாதிரி கழுவினால் போதும். ஹெல்மெட்டின் உள் பேடைக் கழற்றி வாரம் ஒரு முறை அலசுங்கள், நெற்றியில் பரு வருவது குறையும். வெயிலுக்குப் போடுகிற கைச்சட்டை நழுவினால், அதன் ரப்பர் பட்டியை ஈரத்துணியில் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சன்ஸ்கிரீன் எண்ணெய்தான் காரணம்.

ஒரே ஒரு ஷார்ட்ஸ் என்கிறீர்கள். வாரம் மூன்று நாள் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது அவசியம். பளபளப்பான மூன்றாவது ஜெர்சிக்கு முன்னால் அதை வாங்குங்கள். பாதி காய்ந்த பேட்டை மறுநாள் காலை போட்டுக்கொண்டு போவதுதான் அரையில் படர்தாமரை வருவதற்கு நல்ல வழி. உள்ளே ஜட்டி போடாமல் ஓட்ட வேண்டியது, ஆகவே ஒரு முறை போட்டதைத் துவைக்காமல் இன்னொரு முறை போடவே கூடாது. வட்டமாகச் சிவந்து அரித்தால் மெடிக்கலில் கேட்டுக் கலவைக் களிம்பு வாங்கித் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், முதலில் அடங்கின மாதிரி காட்டி அப்புறம் பரவும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் விறைத்த பேட். தூக்கிப் போட வேண்டாம், ஒரு முயற்சி பாக்கி இருக்கிறது. அரை பக்கெட் நல்ல தண்ணீரில் வெள்ளை வினிகர் 100 மில்லி ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரில் பிளீச் எதுவும் கலக்கக் கூடாது, விஷ வாயு கிளம்பும். வினிகர் கசடை உடைக்கும். உடைந்து பிரிகிற கொழுப்பை எடுக்க லிக்விட் வேண்டும். அதனால் வினிகரோடு நிறுத்தாமல், ஒரு முறை அலசி, நான் மேலே சொன்ன மாதிரி அமுக்கித் துவைத்து, நல்ல தண்ணீரில் அலசி முடியுங்கள். ஜெர்சிகளையும் அதிலேயே முக்கலாம். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. அதற்கு மேல் மாதம் ஒரு தடவை போதும், அடிக்கடி வேண்டாம்.

காய்ந்த பிறகு பேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து உடனே மேலே வந்தால் ஸ்பாஞ்சு உயிரோடு இருக்கிறது. குழி அப்படியே நின்றால் பேட் முடிந்தது. அடுத்து ஷார்ட்ஸின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். உங்கள் விரல் மறுபக்கம் தெரிகிறதா, கறுப்புத் துணியில் வெள்ளை முடி மாதிரி சின்னச் சின்ன நூல் துருத்துகிறதா என்று பாருங்கள். அது அறுந்த லைக்ரா, எந்தத் துவையலாலும் திரும்பாது. எட்டு மாதத்தில் அவ்வளவு தூரம் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு முறை ஊறவைத்துப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.